விலை குறைந்த தேயிலை

என் பெயரில் ஒரு நூல் அச்சாக வேண்டும் என்ற ஆசை எனக்கு எந்த வயதில் தோன்றியது என்று திட்டமாகச் சொல்ல இயலாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். போத்தனூருக்கு அருகில் ஒரு பம்பு செட் தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். ஆங்கிலத்தை மோட்டார்களோடு வரும் விளக்கக் குறிப்புகளிலிருந்தும், முதுகுத் தையல் விட்டுப்போன ஓர் அகராதியிலிருந்தும் கற்றுக்கொண்டேன். அம்மொழியில் பேசச் சொன்னால் இன்றும் எனக்கு நா எழாது. படித்துப் பொருள் கொள்ள மட்டும் முடியும்.

ஓய்வு பெற்ற பின், உக்கடத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் ஆங்கில வரலாற்று நூல் ஒன்றை எடை போட்டு வாங்கிவந்தேன். அதில் என்னைப் பிடித்து நிறுத்திய பகுதி, அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் ஆங்கில அரசை எதிர்க்கத் தொடங்கிய காலத்தைப் பற்றியது. விடுதலைப் போரை நான் வேகமாகப் புரட்டிக் கடந்தேன். போருக்கு முந்தைய பத்து ஆண்டுகளே என்னைக் கவர்ந்தன. துப்பாக்கியை எடுப்பதற்கு முன் அம்மக்கள் மனுப் போட்டார்கள், கூட்டம் கூடினார்கள், இன்ன சரக்கை வாங்குவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். பெண்கள் சீமைத் துணியை ஒதுக்கிவிட்டு வீட்டிலேயே நூல் நூற்றார்கள். பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் சீட்டுக்கட்டுக்கும் கூட முத்திரை வரி என்று அரசு சொன்னபோது, எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று கேட்டார்கள். இவை அனைத்தும் சாதாரண மனிதர் செய்யக்கூடியவை. ஆகவே அவற்றைப் பற்றி எழுத எனக்கும் தகுதி உண்டு என்று எண்ணினேன்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதன் செயலாளர். அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்பொருளில் ஒன்றரை மணி நேரம் உரையாற்றினேன். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய இடத்தை நான் விவரித்தபோது, பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்துவிட்டு இப்போது மகன் வீட்டில் இருக்கும் ஓர் உறுப்பினர் கையைத் தூக்கினார்.

“ஏனுங்க, அது நம்ம வால்பாறைத் தூளுங்களா?”

“இல்லீங்க. அப்போ வால்பாறை வெறுங்காடுங்க. அது சீனத்துத் தூளு.”

“அப்படீன்னா கொட்டுனது கொட்டுனதுதான். நமக்கு நட்டமில்லீங்க.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். உரையின் அடிப்படையாக நான் வைத்திருந்த வாக்கியம் பின்வருமாறு: “வரி ஏறியது, தேயிலை எட்டாத விலைக்குப் போயிற்று, பொறுக்கமாட்டாத மக்கள் அதைக் கடலில் கொட்டினார்கள்.” அதை நான் இருமுறை சொன்னேன். இரண்டாம் முறை கைதட்டல் கிடைத்தது. விலை ஏறினால் கோபம் வரும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பருத்தியும் நூலும் தேங்காயும் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் சேர்ந்து ஏறி இறங்கும் மனம் எங்களுடையது. அதனால்தானோ என்னவோ, அவ்வாக்கியத்தை எழுதியபோது நான் நூலைத் திறந்து சரிபார்க்கவில்லை. அது தானாகவே உண்மையென்று பட்டது.

அந்த உரையைக் கேட்கச் செயலாளரின் அழைப்பின்பேரில் நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையின் இப்போதைய முதலாளி வந்திருந்தார். அவருடைய தந்தையார் காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தவன். மகனார் சிறுவயதிலிருந்தே என்னை ‘வைண்டிங் அண்ணா’ என்றுதான் அழைப்பார். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, இதை அப்படியே எழுதிக் குடுங்க. அப்பா நினைவு நாளுக்குப் பொஸ்தகமாப் போட்டு வர்றவங்களுக்கெல்லாம் ஒண்ணு குடுத்துப்போடலாம். ஆயிரம் போடலாமுங்க. செலவெல்லாம் நம்முளுது.”

ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் வீட்டில் ஏதேனும் ஒரு சிறு நூலை வழங்குவது வழக்கம். பெரும்பாலும் பக்திப் பாடல்களாக இருக்கும். அந்த ஆண்டு என் நூல். இரண்டு மாதம் உழைத்து எழுதிக் கொடுத்தேன். முன்னட்டையில் பெரிய முதலாளியின் படமும் அதன் கீழே என் பெயரும் அமைந்த மாதிரியை அச்சகத்திலிருந்து கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அதை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மெய்ப்புப் பக்கங்கள் வந்தபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிழை காதில் விழுந்தால் எளிதில் தெரியும் என்பதால் நான் உரக்கப் படித்தேன். தேயிலை அத்தியாயம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

“ஏனுங்க, வெல எச்சாப் போச்சுன்னு குடிக்காம உட்டாங்கன்னா, அதுல என்ன பெருமைங்க? காசில்லாத ஆரும் அப்படித்தானே இருப்பாங்க? தக்காளி நூறு ரூவா வித்தப்ப நானும் ரசம் வெக்கலை. எம்பேரைப் பொஸ்தகத்துலயா போட்டாங்க?”

“இது வேற. அது ஒரு நாட்டு வரலாறு.”

“நாடுன்னா மட்டும்? கேட்டேன். சொல்லத் தெரிஞ்சாச் சொல்லுங்க.”

மறுநாள் பேருந்து ஏறி நகரத்து மைய நூலகத்துக்குச் சென்று, அப்பொருளில் இருந்த பெரிய நூல்கள் இரண்டை வாங்கி மேசைமீது வைத்துக்கொண்டு மாலைவரை அமர்ந்தேன். இரண்டிலும் ஒரே செய்தி இருந்தது. என்னிடமிருந்த பழைய நூலிலும் அது இருந்திருக்கிறது; நான் கவனமின்றிக் கடந்துவிட்டேன்.

தேயிலையின் விலை ஏறவில்லை. குறைந்தது. கண்ணாடி, வண்ணப்பூச்சு, காகிதம் முதலியவற்றின் மீது அரசு விதித்த வரிகளை மக்களின் எதிர்ப்பால் நீக்கியபோது, தேயிலைக்கு மட்டும் சிறு வரியை வைத்துக்கொண்டது. வருமானத்துக்காக அல்ல, வரி போடும் உரிமை தன்னிடம் உண்டு என்று காட்டுவதற்காக. பின்னர், நம் நாட்டில் வந்து இறங்கிய அதே கும்பெனியிடம் தேயிலை மலையாகத் தேங்கியபோது, அதை நேராக அமெரிக்காவுக்கு அனுப்ப வழி செய்து கொடுத்தது. வரியையும் சேர்த்தாலும் கள்ளத்தனமாக வந்து விற்ற தேயிலையைவிட அது மலிவு. அத்தகைய மலிவான சரக்கைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

என் நூலின் நடுத்தூண் பொய் என்று அந்த மேசையில் அமர்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது. அதைவிடத் தொல்லை தந்தது இன்னொன்று. மலிவாகக் கிடைப்பதை ஏன் ஒருவன் மறுக்க வேண்டும் என்பது, அந்நூல்கள் விளக்கிய பிறகும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, அன்றும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் கூறினேன். அவள் சற்றும் தயங்கவில்லை.

“அதெப்படி வெளங்காமப் போகுமுங்க? நம்ம பெரியவனுக்குப் பொண்ணுப் பாக்கத் தாராபுரம் போனமே, நாபகம் இருக்குதுங்களா? நல்ல வெயிலு. அவங்க எளனி வெட்டி வெச்சாங்க, முறுக்கு வெச்சாங்க. நாம தொட்டமா?”

“தொடலை.”

“எதுக்குங்க தொடலை? காசு குடுக்கோணும்னா? சும்மா குடுத்ததுதானுங்க. கை நனைச்சாச் சம்மதிச்ச மாதிரி ஆயிப்போகும். இடம் புடிக்கலைன்னா பச்சத்தண்ணி கூடக் குடிக்காம எந்திரிச்சு வரோணும். அவங்களும் அதைத்தான் பண்ணியிருக்காங்க.”

பெண் பார்க்கப் போகும் வீட்டில், முடிவு சொல்லும்வரை எதையும் உண்பதில்லை என்னும் வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. உண்டுவிட்டால் ஒப்புக்கொண்டதாகும். அந்தத் தேயிலையில் ஒரு மிடறு குடித்தால், எங்கோ இருந்து எங்களுக்கு வரி போடும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதே அம்மக்களின் கணக்கு. இரண்டு பெரிய நூல்கள் பல பக்கங்களில் விளக்கியதை என் மனைவி கீரைத் தண்டைக் கிள்ளி எறிந்தபடி சொல்லிவிட்டாள்.

இனி செய்ய வேண்டியது ஒன்றே. அச்சை நிறுத்த வேண்டும். அதைத் தொலைபேசியில் சொல்வது முறையன்று எனக் கருதி, காலையில் முதலாளியின் வீட்டுக்குப் புறப்பட்டேன். நான் போன நேரத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வரவேற்றார்.

“வாங்கண்ணா, வாங்க. எழுத்தாளரு ஊடு தேடி வந்திருக்காரு! இன்னைக்கு அரிசிம்பருப்புச் சோறுங்க. எலை போட்டாச்சு. மொதல்ல உக்காருங்க, பேச்செல்லாம் பொறவு.”

எத்தனையோ முறை அவர்கள் வீட்டில் உண்டிருக்கிறேன். ஆதலால் கால் தானாகவே சென்று அமர்ந்தது. சுடச்சுட அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு, அதன்மேல் ஒரு கரண்டி நெய். முதலாளியும் வந்து எதிரில் அமர்ந்து தந்தையாரைப் பற்றிப் பேசினார். அட்டை ஆயிரமும் அடித்து முடிந்துவிட்டதாகவும், தம் தாயார் அதைக் கையில் வாங்கிக் கண்ணீர் விட்டதாகவும் கூறினார். மூன்றாவது கவளத்தை எடுத்தபோதுதான் நான் எதற்காக வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. வாய்க்குள் அவர்கள் சோறு இருக்க, உங்கள் ஏற்பாட்டை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? கைகழுவிவிட்டு, “எல்லாம் நல்லபடியா நடக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுக்கப் போன இடத்தில் உண்டுவிட்டு வந்தேன் என்பதை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். செயலாளரோடு கலந்து பேசலாமென்று நூலகத்துக்குப் போனேன். அவர் என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஐயா, ஆயிரம் பேர்ல எத்தனை பேருங்க படிக்கப் போறாங்க? படத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டு அலமாரில வெச்சுப்போடுவாங்க. அமெரிக்காக்காரனா வந்து கேஸு போடப் போறான்? உங்க வயசுல இதுதானுங்க கடைசிச் சந்தர்ப்பம். உட்டுப்போடாதீங்க.”

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கடைசிச் சந்தர்ப்பம் என்பதும் உண்மை. என் செலவில் நூல் அச்சிட எனக்கு வழியில்லை. வேறு யாரும் கேட்கப்போவதுமில்லை. அன்று இரண்டு மூன்று மணி நேரம் அந்த அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதற்கு முந்தைய அத்தியாயத்தில் அம்மக்கள் அரசனுக்கு அனுப்பிய மனுக்களைப் பற்றி எழுதியிருந்தேன். ‘தங்கள் பணிவுள்ள, விசுவாசமுள்ள குடிமக்கள்’ என்றே அவை தொடங்கும். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு சொல்லோடும் ‘ங்க’ சேர்ப்பது போல, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு வரியிலும் பணிவைச் சேர்த்தார்கள். அரசன் நல்லவன், மந்திரிகளே கெட்டவர்கள் என்று வெகுகாலம் நம்பினார்கள். அவர்களுடைய மனு எவ்வளவு மரியாதையாக இருந்ததோ அவ்வளவு எளிதாக அதை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். முன்பு நான் அவர்களுடைய பொறுமையைப் பாராட்டி எழுதியிருந்தேன். இப்போது படித்தபோது, பொறுமையோடு வேறொன்றும் அதில் இருந்தது புலப்பட்டது. முகத்துக்கு நேரே மறுக்கக் கூசும் மனிதரின் தயக்கம். அது எனக்கு நன்கு பழக்கமானது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் முதலாளியின் வீட்டுக்குச் சென்றேன். இம்முறை வீட்டிலேயே வயிறு நிறைய உண்டுவிட்டுப் போனேன். வாசலுக்கு உள்ளே வந்து, நாற்காலியில் அமராமல் நின்றேன். முதலாளியின் மனைவியான அந்த அம்மையார் பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.

“வேண்டாமுங்க.”

“உப்புப் போட்டிருக்குதுங்கண்ணா. சக்கரையெல்லாம் இல்லை.”

“அதுக்கில்லீங்க. இப்ப வேண்டாமுங்க.”

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். டம்ளரை மேசைமீது வைத்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க! சித்தே இங்க வாங்க. அண்ணா மோர் கூட வேண்டாங்கறாரு.”

முதலாளி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு வந்தார்.

“என்னங்ணா? நம்மூட்டு மேல ஏதாவது வருத்தமுங்களா? அட்டைல பேரு சின்னதாப் போட்டுப்போட்டாங்களா?”

“உங்க மேல ஒண்ணுமில்லீங்க தம்பி. பொஸ்தகத்துல தப்பு இருக்குதுங்க. என்னோட தப்பு. அச்சை நிறுத்தோணும்.”

விவரத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு வரி தானுங்களே? எவன் படிச்சுக் கண்டுபுடிக்கப் போறான்?”

“நான் படிப்பேனுங்க.”

“சரி, அந்த வரியை மட்டும் மாத்திப்போடலாமுங்களா? வெல ஏறுச்சுங்கறதை எறங்குச்சுன்னு?”

“பத்தாதுங்க தம்பி. மிச்சமெல்லாம் அந்த வரி மேல நிக்குது. மோட்டாரு ஸ்லாட்டுல ஒரு கம்பிக் காயில் மாறி விழுந்துட்டா, மேல வார்னிஷ் அடிச்சு அனுப்பவா முடியும்? பூராத்தையும் பிரிச்சுத்தான் மறுக்காச் சுத்தோணும்.”

அவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார், “கம்பி சுத்துனவங்க புத்தி கம்பிலதான் நிக்கும். அவரு சொன்னாச் சொன்னதுதான். பொழப்பப் பாருங்க” என்றார்.

“நினைவு நாளுக்கு ஒம்போது நாளு தானுங்க இருக்குது. அதுக்குள்ள எழுதிப்போடுவீங்களா?”

“முடியாதுங்க. நாலு மாசமாச்சும் ஆகும்.”

“அப்ப இந்த வருசம் உங்க பொஸ்தகம் இல்லீங்க. அடுத்த வருசத்துக்கு அம்மா வேற ஒரு பொஸ்தகம் கேட்டிருக்காங்க. நான் இப்பவே சொல்லிப்போடறேன். பொறவு மனசு சங்கடப்படக் கூடாது.”

“தெரிஞ்சுதானுங்க வந்தேன்.”

அவர் என் எதிரிலேயே அச்சகத்தை அழைத்து, உட்பக்கங்களை அடிக்க வேண்டாம் என்று தெரிவித்தார். அவர் குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. அழைப்பு முடிந்ததும் அம்மையார் மோரை மீண்டும் நீட்டினார். “இப்பவாச்சும் குடிப்பீங்களா, இன்னும் ஏதாவது பாக்கி இருக்குதுங்களா?” என்றார். வாங்கிக் குடித்தேன்.

நினைவு நாளன்று வழக்கம்போல் பக்திப் பாடல் நூல் வழங்கப்பட்டது. என் பெயர் அச்சிட்ட ஆயிரம் அட்டைகள், பெரிய முதலாளியின் படம் இருப்பதால் வெட்டவும் எரிக்கவும் மனமின்றி, தொழிற்சாலைக் கிடங்கில் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். செயலாளர் இரண்டு மாதம் என்னிடம் நூலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

புதிய அத்தியாயத்தை எழுதி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. அதில் தேயிலையைக் கொட்டிய நிகழ்ச்சிக்கு ஒன்றரைப் பக்கம்தான். மீதியெல்லாம் குடிக்க மறுத்த வீடுகளைப் பற்றியது. இலைகளையும் வேர்களையும் காய்ச்சிக் குடித்துவிட்டு, நன்றாகவே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்ட குடும்பங்களைப் பற்றி விரும்பி எழுதினேன். என் மனைவி சொன்ன விளக்கத்தையும் அவள் சொன்னதாகவே எழுதினேன். அதை வாசகர் வட்டத்தில் படித்தேன். முதலில் சொன்ன வாக்கியம் பிழை என்று தொடக்கத்திலேயே அறிவித்தேன். கொப்பரை வியாபாரி, “அப்ப அன்னைக்குத் தட்டுன கையைத் திருப்பிக் குடுங்க” என்றார்.

முதலாளி அன்றும் வந்திருந்தார். கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டவர், முடிவில் எழுந்தார்.

“அண்ணா, ஒரு சந்தேகமுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு கப்பலைத் திருப்பி அனுப்பிப்போட்டா முடிஞ்சுதே. சரக்கை எதுக்குங்க பாழ் பண்ணோணும்?”

“வேற ஊருகள்ல அதைத்தானுங்க பண்ணுனாங்க. பிலடெல்பியாவுக்கு வந்த கப்பலு சரக்கை எறக்காமயே திரும்பிப் போச்சு. நியூயார்க்குலயும் அப்படித்தான். பாஸ்டன்ல ஜனங்க மொதல்ல கேட்டது அதேதானுங்க. வரி கட்டாமக் கப்பல் வெளிய போகக் கூடாதுன்னு அங்கிருந்த கவர்னரு புடிவாதமா நின்னுபோட்டாரு. வரி கட்டற கெடு முடிஞ்சா அதிகாரிகளே சரக்கை எறக்கி வரிக்கு எடுத்துக்குவாங்கன்னு ஆச்சு. அதுக்கு மொத நாள் ராத்திரிதான் கொட்டுனாங்க.”

“அப்படிங்களா. திருப்பிக் குடுக்க உட்டிருந்தா கொட்டியே இருக்க மாட்டாங்க.”

“மாட்டாங்கன்னுதானுங்க நெனைக்கிறேன்.”

“இது நீங்க படிச்சதுல வரலையே?”

அவர் சொன்னது சரி. மற்றத் துறைமுகங்களைப் பற்றி நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேனே தவிர, அத்தியாயத்தில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிச் சேர்த்தேன். இரண்டு பக்கம் கூடிற்று. நூல் இன்னும் அச்சாகவில்லை. கையெழுத்தில் நூற்றுப் பதினான்கு பக்கம் இருக்கிறது.